அடிமாட்டு விலைக்கு ரேஞ்ச்ஃபைண்டர்: வேலூர்ப் பக்கம் தேடுகிறவர்களுக்கு

பழைய ஃபிலிம் கேமரா தேடும்போது, விற்பவர் ‘ஓடலை’ என்று சொல்லும் கேமராவில்தான் உங்களுக்கு லாபம். ‘கிளிக் ஆகுது சார், வொர்க்கிங் கண்டிஷன்’ என்று கையில் கொடுப்பதை இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஏன் என்று மாடலை வைத்துச் சொன்னால்தான் புரியும்.

அதற்கு முன், அது ரேஞ்ச்ஃபைண்டர்தானா, அதாவது இரண்டு பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கேமராதானா என்று பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி வீட்டுப் பரண்களிலிருந்தும் மூடிய ஸ்டுடியோக்களிலிருந்தும் வருவதெல்லாம் ‘ஆன்டிக் யாஷிகா’ என்ற பெயரில்தான் வரும். யாஷிகா எம்எஃப்-2 வேறு சாதி. அதில் ஃபோகஸ் செய்யவே முடியாது. ஆக்ஃபா கிளிக் 3 என்பது 120 ரோல் போடும் டப்பா கேமரா. கண்ணாடி வழியே பார்த்தால் நடுவில் மஞ்சள் படிந்த சின்னக் கட்டம் தெரிந்து, லென்ஸ் வளையத்தைத் திருப்பும்போது அதற்குள் இரண்டாவது பிம்பம் நகர்ந்து வந்து ஒட்டினால் அதுதான் ரேஞ்ச்ஃபைண்டர்.

பையில் நான்கு எல்ஆர்44 செல் (பொத்தான் பேட்டரி), கொஞ்சம் பேப்பர், அலுமினிய ஃபாயில், சின்ன டார்ச், பாழாய்ப்போன ஒரு ரோல் ஆகியவற்றோடு போங்கள்.

அதிகம் கைக்கு வருவது யாஷிகா எலக்ட்ரோ 35 வரிசை. 1966-இல் தொடங்கியது; அதில் ஜிஎஸ்என் மாடல் 1973-இல் வந்தது. லென்ஸ் 45 மி.மீ. எஃப்/1.7. இதில் ஷட்டரை நடத்துவது மின்சாரம். பேட்டரி இல்லாவிட்டாலும் கிளிக் ஆகும், ஆனால் எப்போதும் 1/500 நொடியில்தான். விற்பவர் காட்டும் கிளிக் இதுதான். அதை நம்பி வாங்கினால் மாலை வெளிச்சத்தில் எடுத்ததெல்லாம் இருட்டாக வரும்.

இதற்கான 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. நான்கு எல்ஆர்44 செல்லை அடுக்கினால் 6 வோல்ட். அந்த வித்தியாசம் இந்த கேமராவைப் பாதிக்காது. அடுக்கு 22 மி.மீ.தான் வரும், பேட்டரி அறையோ அதைப்போல இரண்டு மடங்கு நீளம். பேப்பரைச் சுற்றிப் பருமனாக்கி, மீதி நீளத்தை ஃபாயில் உருண்டையால் நிரப்புங்கள். உருண்டை பாசிட்டிவ் பக்கமே இருக்கட்டும். இந்த செல்லில் வெளிக்கூடும் பாசிட்டிவ் என்பதால், நெகட்டிவ் பக்கம் வைத்தால் ஓரத்தில் பட்டு ஷார்ட் ஆகும்.

இனி பின்பக்க பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். ரோலை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளிருக்கும் சின்ன ரப்பர் பேடு கரைந்துவிட்டது. அப்போது ஷட்டர் நேரம் கன்னாபின்னாவென்று போகும். பேடு பைசா பெறாது, அதற்காகக் கேமராவைப் பிரிக்கும் கூலிதான் செலவு. கடைசியாக, முன்பக்கம் மேலே இருக்கும் மீட்டர் கண்ணை (வெளிச்சத்தை அளப்பது) விரலால் மூடிக்கொண்டு ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்கள்: மஞ்சள் விளக்கு. முழுதும் அழுத்திப் பிடித்தால் ஷட்டர் திறந்தே நிற்க வேண்டும்; கண்ணை மூடிய விரலை எடுத்ததும் மூட வேண்டும். இதில் தேறினால் மின்சாரப் பகுதி சரி.

கேனனெட் க்யூஎல்17 ஜி3 (1972, 40 மி.மீ. எஃப்/1.7) கதையே வேறு. லென்ஸ் வளையம் ‘ஏ’-வில் (ஆட்டோ) இருந்து பேட்டரியும் இல்லையென்றால் பட்டன் கீழேயே இறங்காது. ‘ஜாம் ஆயிடுச்சு பாய்’ என்று மூலையில் போட்டிருப்பார்கள். வளையத்தை ‘ஏ’-வை விட்டு நகர்த்தி 5.6 அல்லது 8 என்ற லென்ஸ் திறப்பு எண்ணில் வையுங்கள், கிளிக் ஆகும். இது முழு மெக்கானிக்கல் ஷட்டர், படம் எடுக்கப் பேட்டரியே வேண்டாம். பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 1/4 நொடியில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஷட்டரின் இலைகள் (லென்ஸுக்குள் திறந்து மூடும் தகடுகள்) சோம்பலாக விரிந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது. நம் ஊர் வெயிலில் பல வருடம் பீரோவில் கிடந்தால் கிரீஸ் இளகி இலைவரை வரும். லைட்டர் திரவம் விட்டு ‘சரி பண்ணியாச்சு’ என்று தந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். லென்ஸைக் கழற்றித் துடைப்பதே வழி.

மீட்டரும் வேண்டுமென்றால் அது 1.35 வோல்ட் 625 பாதரச செல்லுக்கானது. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் மீட்டர் கூடுதல் வெளிச்சம் இருப்பதாகக் காட்டும், படம் இருட்டாகும். ஆஸ்பத்திரிகள் நிறைந்த வேலூரில் இதற்கு வழி கையருகிலேயே இருக்கிறது: காது மிஷின் கடையில் 675 ஜிங்க்-ஏர் செல் கேளுங்கள், 1.4 வோல்ட். பருமன் குறைவு என்பதால் பிளம்பிங் கடை ஓ-ரிங் ஒன்றை மாட்டி வையுங்கள். செல்லின் மேல் இருக்கும் ஸ்டிக்கரைப் பிரித்த பிறகு சில வாரங்கள், மிஞ்சிப்போனால் இரண்டொரு மாதம் ஓடும்.

சோவியத் கேமராக்களான ஜோர்க்கி 4, ஃபெட் கிடைத்தால் ஒரே விதி: லீவரையோ குமிழையோ சுற்றிய பிறகுதான் ஸ்பீடு மாற்ற வேண்டும். விற்பவர் கையிலிருக்கும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே பல் உடையும். ஷட்டர் திரை துணி என்பதால் டார்ச் அடித்து ஊசி ஓட்டை பாருங்கள். தங்க நிறத்தில், கழுகு முத்திரையோடு ‘லைக்கா’ வந்தால் மயங்க வேண்டாம். லென்ஸைக் கழற்றுங்கள், உள்ளே ஃபோகஸை உணரும் கை நுனியில் உருண்டைச் சக்கரம் இல்லாமல் கண்ணீர்த்துளி வடிவக் கட்டை இருந்தால், ஃபெட்டுக்கோ ஜோர்க்கிக்கோ போட்ட வேஷம் அது.

எந்த மாடலானாலும் ரீவைண்டு கைப்பிடியை மெல்லச் சுற்றுங்கள். இறுக்கம் தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது. லீவர் நகராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ரோல் இல்லையென்றால் பின்மூடியைத் திறந்து, ஷட்டரை ‘பி’-யில் (அழுத்தும்வரை திறந்திருக்கும்) நிறுத்தி லென்ஸ் வழியே டார்ச் அடியுங்கள். எலக்ட்ரோவில் இதற்கும் பேட்டரி வேண்டும். தூசியும் ஓரத்தில் இரண்டு கீறலும் படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை. துடைத்தாலும் லென்ஸ் பூச்சில் தடம் விட்டிருக்கும். தோல் உறையோடு வந்த கேமராவில் இது அதிகம், ஐப்பசி ஈரத்தை உறிஞ்சி வைப்பது அந்த உறைதான். உறையை வாங்கிக்கொள்ளுங்கள், கேமராவை அதற்குள் வைக்காதீர்கள்.

ஃபோகஸ் சரியா என்று பார்க்க ஊரைச் சுற்றி மலை இருப்பது வசதி. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும் டவரையோ பாறை விளிம்பையோ பார்த்து, வளையத்தை முடிவிலிக் குறிக்கு (∞) தள்ளினால் இரு பிம்பமும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகினாலும் மேல்கீழாக விலகினாலும் திருத்த முடியும், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கட்டம் மங்கலாக இருந்தால் வ்யூஃபைண்டர் கண்ணாடியின் முன் நடுவில் மிளகளவு கறுப்பு டேப் ஒட்டிப் பாருங்கள், கட்டம் பளிச்சென்று தெரியும். உள்ளே பஞ்சு விட்டுத் துடைக்காதீர்கள். பிம்பம் தரும் பூச்சு அதோடு வந்துவிடும்.

பின்மூடி ஓரத்தில் தார் மாதிரி ஒட்டும் ஸ்பாஞ்ச் இல்லாத கேமராவே அபூர்வம். அதைக் காட்டி விலை குறையுங்கள், பயப்பட வேண்டாம். சர்ஜிகல் ஸ்பிரிட்டால் ஊறவைத்துப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி, பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூலும் கீல் பக்கம் 1.5 மி.மீ. ஃபோமும் ஒட்டினால் போதும். மேல்தோல் உரிந்திருந்தால் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குச் சரக்கு தருகிற கடையில் மெல்லிய லைனிங் தோல் துண்டு கேளுங்கள். 0.8 மி.மீ.க்கு மேல் போனால் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

விலை எங்கள் கணக்கில் இப்படி: சோதிக்க விடாத எலக்ட்ரோவுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம், மேலே சொன்னதில் தேறினால் 3,000 வரை தரலாம். ‘ஜாம்’ ஆன கேனனெட், லென்ஸ் சுத்தமாக இருந்தால் 2,500 வரை. பூஞ்சை பிடித்ததை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம், பாகத்துக்கு வேண்டுமானால் தவிர. பாழான ரோலை மாட்டி லீவரை இழுத்து, ரீவைண்டு கைப்பிடியும் கூடவே சுற்றுகிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தை எடுங்கள்.