போனிலா, நேரிலா? உளவளத்துணை தேடும்போது வன்னியில் நாம் விடும் பிழைகள்

உளவளத்துணைக்கு (கவுன்சலிங்) நேரில் போவதா, வீட்டிலிருந்தே வீடியோவில் கதைப்பதா என்று கேட்பவர்கள் அநேகமாக எது உயர்ந்தது என்றுதான் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். முதல் பிழை அதுதான். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு வீடியோவில் முறையாக நடக்கும் சிகிச்சை நேரில் நடப்பதற்கு ஏறக்குறைய ஈடான பலனைத் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருக்கும் ஒருவர் கேட்க வேண்டியது வேறு. நான் வாய்விட்டுக் கதைத்தால் யாருக்குக் கேட்கும்? நிலைமை மோசமானால் யார் என்னிடம் வந்து சேருவார்கள்? இந்த இரண்டுக்கும் விடை கண்டுவிட்டால் மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

வீட்டிலிருந்து கதைத்தால் ரகசியமாக இருக்கும் என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். உள் சுவர் கூரை வரை எட்டாத வீடும், காசு முடிந்துபோனதால் அறைக்குக் கதவில்லாமல் சேலை தொங்கும் வீடும் நம் ஊரில் புதினமில்லை. இயர்போன் மாட்டினால் மற்றப் பக்கத்துக் குரல்தான் மறையும். நீங்கள் அழுவது குசினி வரை கேட்கும். போனும் முழுக்க உங்களுடையது இல்லை. பகலில் பிள்ளையின் கையில், இரவில் கணவரின் கையில். உளவளத்துணையாளர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை முதலில் வாசிக்கப்போவது யார்?

இதற்காக ஒன்லைனை விட்டுவிட வேண்டியதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, வளவின் கோடியில் மரத்தடியில், வயல் கொட்டிலில் என்று இடமும் நேரமும் தேடலாம். முதல் நாளே உளவளத்துணையாளருடன் ஒரு அடையாள வசனம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "நாளைக்குச் சங்கக்கடைக்குப் போகவேணும்" என்று நீங்கள் சொன்னால் யாரோ பக்கத்தில் வந்துவிட்டார்கள், பேச்சை மாற்ற வேண்டும் என்று அவர் விளங்கிக்கொள்வார். செய்தி அனுப்புவதா, தானே அழைப்பதா, நீங்கள் எடுக்கும் வரை காத்திருப்பதா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஆனால் உங்களை அடிப்பவரோ மிரட்டுபவரோ அதே வீட்டில் இருந்தால் அங்கிருந்து ஒன்லைனில் கதைப்பது ஆபத்து. அப்போது பிரதேச செயலகம் நல்ல இடம். அங்கே உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார். காணிப் பிரச்சினை, அஸ்வெசும என்ற அரச உதவிப்பணம், பிறப்புச் சான்றிதழ் என்று ஊரே போய்வரும் கட்டடம் என்பதால் நீங்கள் ஏன் போனீர்கள் என்று யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். இந்த வசதி நம் ஆட்கள் பலருக்குத் தெரியாமலே கிடக்கிறது.

ஆஸ்பத்திரியில் நிலைமை கொஞ்சம் வேறு. மனநலக் கிளினிக் நாளில் வாங்கில் இருப்பவரைப் பார்த்து "இவருக்கு என்னவாம்?" என்று கேட்க ஆள் இருக்கும். அதற்குப் பயந்து கிளிநொச்சிக்காரர் வவுனியாவுக்கும், வவுனியாக்காரர் யாழ்ப்பாணத்துக்கும் போவதுண்டு. அதில் தப்பில்லை. ஆனால் அறுவடைக் காலத்திலும் மழைக் காலத்திலும் அந்தத் தூரத்தைத் தொடர்ந்து போய்வர முடியுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். இரண்டு தரம் போய் நின்றுவிடுவதைவிட, பக்கத்து ஆஸ்பத்திரியில் நாலு பேர் கண்ணில் பட்டாலும் ஒழுங்காகப் போவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் பிழை. இல்லாத குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று ஒருவர் சொன்னால், நாள்கணக்கில் நித்திரை கொள்ளாமல் பரபரத்துத் திரிந்தால், சாப்பாட்டையே விட்டுவிட்டால், அவரை நேரில் ஒரு வைத்தியர் பார்க்க வேண்டும். நெஞ்சடைப்பு, தலை விறைப்பு, ஓயாத பெருமூச்சு என்று உடம்பாலேயே துக்கத்தைச் சொல்பவர்கள் நம்மிடையே அதிகம். அது மனத்தின் பாரமாகவும் இருக்கலாம், இரத்தச்சோகை, தைரொயிட், இதய நோயாகவும் இருக்கலாம். வீடியோவில் நாடி பிடிக்க முடியாது.

மதுவையும் இதில் சேர்க்க வேண்டும். கசிப்போ சாராயமோ, வருடக்கணக்காகத் தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். "இன்றைக்கே விடுங்கோ அப்பா" என்று குடும்பமே வீடியோவில் இருந்து மன்றாடுவதற்கு முன், எப்படி நிறுத்துவது என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

உயிரை விடும் எண்ணம் இருந்தால் அடுத்த வார வீடியோ நேரத்துக்குக் காத்திருக்கக்கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் கதைக்க வேண்டும் என்று எடுத்தவுடனே சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். பூச்சிநாசினி போன்ற தோட்ட மருந்துகளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, அவரைத் தனியே விடாமல் ஒருவர் பக்கத்தில் இருங்கள். ஒன்லைனில் சிகிச்சை எடுப்பவர்கள் மறக்கிற விடயமும் இங்கேதான் இருக்கிறது. கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உளவளத்துணையாளருக்கு நீங்கள் ஒட்டுசுட்டானில் எந்தக் குளத்தடியில் இருக்கிறீர்கள் என்று எப்படித் தெரியும்? விலாசத்தையும், அவசரத்துக்கு அழைக்கக்கூடிய நம்பிக்கையான ஒருவரின் இலக்கத்தையும் முதல் நாளே அவரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளின் அக்கறையில் வரும் பிழை இன்னொரு வகை. கனடாவில் இருக்கும் மகள் அங்கேயுள்ள தமிழ் உளவளத்துணையாளர் ஒருவரைப் பிடித்து, காசையும் கட்டி, அம்மாவுக்கு நேரம் எடுத்துக் கொடுக்கிறார். நல்ல மனசுதான். ஆனால் டொரன்டோவில் மாலை 7 மணி இங்கே விடிய 4.30 அல்லது 5.30. அடுப்பு மூட்டும் நேரத்தில் அம்மா என்னத்தைச் சொல்வார்? பிறகு மகள் அழைத்து, "என்ன கதைச்சீங்கள்?" என்று கேட்பார். காசு கட்டியவருக்கு அதைக் கேட்கும் உரிமை கிடையாது. அதை உளவளத்துணையாளரே மகளிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லத் தயங்குபவரிடம் அம்மாவைக் கொண்டுபோய் விடாதீர்கள்.

அதே நேரம், தூரத்து ஆள் என்பதே சிலருக்கு ஆறுதல். ஊரில் உள்ளவரிடம் சொன்னால் மாமாவின் காதுக்குப் போய்விடும் என்ற பயம் அங்கே இல்லை. 2009இல் போரின் முடிவில் என்ன நடந்தது என்று முதலிலிருந்து விளங்கப்படுத்த வேண்டியிருக்கும் என்பதுதான் மறுபக்கம். அதிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கவனமாக ஆளைத் தேர வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் போராட்டமாகப் போய் இருந்த தாய்மாரிடம், "ஏற்றுக்கொண்டு முன்னே போங்கள்" என்று இரண்டாம் சந்திப்பிலேயே சொல்பவரால் உதவி இல்லை, காயம்தான். முடிவு தெரியாத இழப்போடு இருப்பவர்களுக்கு நீங்கள் எப்படித் துணை நிற்பீர்கள் என்று முதலே கேட்டுவிடலாம். அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. ஒருவரோடு ஒருவர் கதைப்பது மட்டுந்தான் சிகிச்சை என்றும் எண்ண வேண்டாம். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கின் பாதிப்பைக் கூட்டு மனவடுவாக, அதாவது ஒரு சமூகமே சேர்ந்து சுமக்கும் மனக்காயமாகப் பார்த்து, குடும்பத்தோடும் சமூகத்தோடும் சேர்ந்த வேலையின் தேவையை எழுதியிருக்கிறார். ஒரே இழப்பைச் சுமந்த பெண்கள் ஒரு மண்டபத்தில் சேர்ந்திருப்பது தரும் பலத்தைப் போன் திரையில் எதிர்பார்ப்பது கஷ்டம்.

யார் என்ன செய்வார் என்று தெரியாமல் போவதும் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், உளவளத்துணையாளர் குளிசை எழுதமாட்டார், வைத்தியர் எழுதுவார். அரச ஆஸ்பத்திரியில் அந்தக் குளிசை இலவசம். மனச்சோர்வுக்கான குளிசை வேலைசெய்யத் தொடங்கச் சில வாரங்கள் எடுக்கும். ஒன்லைனில் கதைத்தது சுகமாக இருக்கிறது என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காசுக் கணக்கிலும் அரைக் கணக்குத்தான் போடுகிறோம். கிளினிக் இலவசம், ஆனால் அன்றைய கூலி போய்விடும். ஒன்லைனுக்குப் பஸ் காசு இல்லை, ஆனால் கட்டணமும் டேட்டாவும் ஒவ்வொரு வாரமும் வேண்டும். ஒரு தரத்துச் செலவைப் பார்க்காமல் இரண்டு மூன்று மாதச் செலவைக் கூட்டிப் பாருங்கள். வீடியோவுக்கு சிக்னல் போதாவிட்டால் சாதாரண அழைப்பிலும் கதைக்கலாம், அதைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

சிக்னல் விடயத்தில் இன்னொன்று. போரில் செல் குண்டு விழுந்த நாளைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால், அந்த நினைவோடு நீங்கள் தனியே விடப்படுவீர்கள். அடுத்த நிமிடம் பிள்ளை பசிக்குது என்று வந்து நிற்கும். அதனால் கனமான கதைகளை முதல் சில சந்திப்புகளில் ஒன்லைனில் கொட்ட வேண்டாம். அறுந்தால் யார் யாரை அழைப்பது என்று பேசி வைத்துக்கொண்டு, மனம் பதறினால் எப்படித் தணிப்பது என்று பழகிய பிறகு தொடங்கலாம். கதைத்து முடிந்ததும் கால் மணி நேரமாவது உங்களுக்கென்று விட்டுவைக்க வேண்டும். நேரில் போனவருக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் அந்த இடைவெளி தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஒன்றைத் தேர்ந்தால் கடைசி வரை அதிலேயே நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதல் இரண்டு மூன்று தரம் நேரில் போய் முகம் பழகிவிட்டு, வயல் வேலைக் காலத்தில் போனுக்கு மாறலாம், பிறகு திரும்ப நேரில் போகலாம். உளவளத்துணையாளரைக் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். நாலைந்து தரம் கதைத்தும் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால், "ஒன்லைன் எனக்குச் சரிவராது" என்று முடிவுகட்ட முன் அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். சரிவராதது முறையாக இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். ஆளை மாற்றுவதென்றால் இதுவரை பேசியதன் சுருக்கத்தைப் புதியவருக்கு அனுப்பும்படி கேட்கலாம், முழுக்கதையையும் திரும்பச் சொல்ல வேண்டி வராது.