வேவ்கைடு டிஸ்ப்ளே காப்புரிமையை ஆய்வு செய்வது எப்படி: ஒளிக்கதிரின் பின்னாலேயே போகலாம்

ஏஆர் கண்ணாடி, அதாவது நிஜக் காட்சியின் மேல் படத்தையும் சேர்த்துக் காட்டும் மூக்குக்கண்ணாடி, ஒன்றைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். பல மாடல்களில் வில்லையின் ஓரத்தில் ஒரு சின்னத் திட்டும், கண்ணுக்கு நேரே ஒரு பெரிய கட்டமும் வானவில் நிறத்தில் மின்னிவிட்டு மறையும். சின்னத் திட்டு வழியாகப் படம் உள்ளே போகிறது, பெரிய கட்டம் வழியாக வெளியே வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே, வேவ்கைடு எனப்படும் ஒரு மெல்லிய கண்ணாடித் தட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் மலை மலையாகக் காப்புரிமை விண்ணப்பங்கள் வருகின்றன. அப்படி ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால் எங்கே தொடங்குவது? நீங்கள் காப்புரிமை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஆய்வாளராக இருக்கலாம், ஒரு நிறுவனத்துக்காகத் தேடிப் பார்ப்பவராக இருக்கலாம், சொந்த யோசனையை எழுதி வைத்திருப்பவராகவும் இருக்கலாம். வழி ஒன்றுதான்.

படி 1: முதலில் ஒளிக்கதிரை வரையுங்கள்

விண்ணப்பத்தைப் படிக்கும் முன் ஒரு வெள்ளைத்தாளில் நீளமான செவ்வகம் ஒன்று போடுங்கள். அதுதான் தட்டு. உள்ளே நுழையும் ஒளி போதுமான சாய்வில் போனால் இரண்டு முகங்களிலும் மாறி மாறி மோதி, வெளியே கசியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பேதான். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியில் மாறுநிலைக் கோணம் சுமார் 41.8 டிகிரி, 1.8 என்றால் 33.7 டிகிரி. முகத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்கும்போது, கதிர் இதைவிடச் சாய்வாகப் போனால்தான் உள்ளே மாட்டும்.

நேராக வரும் ஒளியைச் சாய்ப்பது யார்? பெரும்பாலும் கீற்றணி, அதாவது நானோமீட்டர் கணக்கில் வரிவரியாகப் பள்ளம் போட்ட பரப்பு. செங்குத்தாக விழும் ஒளிக்கு, முதல் வரிசையில் (கீற்றணி பிரித்துத் திருப்பும் கதிர்களில் முதலாவதில்), தட்டுக்குள் போகும் கோணத்தின் சைன் மதிப்பைக் கண்டுபிடிக்க அலைநீளத்தைக் கீற்று இடைவெளியாலும் ஒளிவிலகல் எண்ணாலும் வகுத்தால் போதும். ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். இடைவெளி 400 நானோமீட்டர், கண்ணாடி 1.8 என்று வைத்துக்கொண்டால் 460 நானோமீட்டர் நீலம் சுமார் 40 டிகிரியில் போகும், 532 பச்சை 48 டிகிரியில், 635 சிவப்பு 62 டிகிரியில். மூன்றுமே 33.7-ஐத் தாண்டிவிட்டன, மூன்றும் உள்ளே ஓடும். இப்போது அதே கீற்றணியை 1.5 கண்ணாடியில் வையுங்கள். சிவப்புக்குச் சைன் மதிப்பு 1.06 வருகிறது, அப்படி ஒரு கோணமே கிடையாது, சிவப்பு தட்டுக்குள் போகவே போகாது!

இந்த இரண்டு நிமிடக் கணக்குக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் ஒரு கிளைமில், அதாவது விண்ணப்பதாரர் எதற்கு உரிமை கேட்கிறார் என்று சொல்லும் வாசகத்தில், 'ஒளிவிலகல் எண் குறைந்தது 1.7' என்று வந்தால், அது அழகுக்குச் சேர்த்த எண்ணா, வேலை செய்யும் எண்ணா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கீற்றணி மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். லூமஸ் நிறுவனம் தட்டுக்குள்ளேயே சாய்வாகப் பல பகுதி எதிரொளிப்பு ஆடிகளை அடுக்குகிறது. சோனி ஹோலோகிராம் படலங்களைப் பயன்படுத்தியிருக்கிறது. மைக்ரோசாப்ட் ஹோலோலென்ஸில் இருப்பது பரப்பில் செதுக்கிய கீற்றணி. தேடும்போது மூன்று குடும்பங்களும் மனதில் இருக்க வேண்டும்.

படி 2: கிளைமைத் துண்டு துண்டாக வெட்டுங்கள்

காப்புரிமையில் உரிமை எது என்பதை முடிவு செய்வது கடைசியில் இருக்கும் கிளைம்கள்தான். முன்னால் உள்ள சுருக்கமும் படங்களும் விளக்கமும் துணைக்குத்தான். படத்தில் அழகான வளைந்த தட்டு இருக்கும், கிளைமில் 'ஒளிபுகும் உறுப்பு' என்று மட்டும் இருக்கும். அப்போது வளைவு கணக்கில் வராது. இதைத் தொடக்கத்தில் நானும் தவறவிட்டேன், படத்தை வைத்தே தேடி ஒரு வாரம் போய்விட்டது.

நாமே ஒரு மாதிரி கிளைம் எழுதிக்கொள்வோம்: 'ஒரு காட்சிச் சாதனம், (அ) படத்தை உருவாக்கும் ப்ரொஜெக்டர், (ஆ) ஒன்றுக்கொன்று இணையான இரு முகங்கள் கொண்ட ஒளிபுகும் தட்டு, (இ) ஒளியைத் தட்டுக்குள் முழு அக எதிரொளிப்பில் செல்லும்படி திருப்பும் முதல் கீற்றணி, (ஈ) ஒளியைக் கண்ணை நோக்கி வெளியேற்றும் இரண்டாம் கீற்றணி, (உ) இரண்டாம் கீற்றணியின் பள்ள ஆழம் ஒளி செல்லும் திசையில் படிப்படியாகக் கூடுகிறது.'

ஒவ்வொரு எழுத்துக்கும் நேராக ஒரு கேள்வி எழுதுங்கள்: இது ஒளிக்கதிரை என்ன செய்கிறது? (அ) முதல் (ஈ) வரை எளிது. (உ)-வில் நிறுத்திக் கணக்குப் போட வேண்டும். பெரிய கட்டத்தில் ஒளி பத்து இடத்தில் மோதுகிறது, ஒவ்வொரு மோதலிலும் 10 சதவீதம் வெளியேறுகிறது என்று வைப்போம். 100 பங்கு ஒளியில் முதல் இடத்தில் 10 வெளிவரும், அடுத்து 9, அப்புறம் 8.1, பத்தாவது இடத்தில் 3.9 மட்டுமே. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் படம் மங்கும். எல்லா இடத்திலும் 10 வர வேண்டுமானால் முதலில் பத்தில் ஒரு பங்கு, அடுத்து ஒன்பதில் ஒரு பங்கு, பிறகு எட்டில் ஒரு பங்கு என்று வெளியேற்றும் திறன் கூடிக்கொண்டே போக வேண்டும். பள்ளம் ஆழமானால், ஓர் எல்லை வரை, திறன் கூடும். ஆக (உ)-வின் பலன் சீரான வெளிச்சம். இதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், படி 5-இல் இதுதான் நம் கையில் இருக்கும் சாவி.

படி 3: தேதியைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள்

முதலில் முன்னுரிமைத் தேதி. ஒரு நாட்டில் முதலில் தாக்கல் செய்துவிட்டு 12 மாதங்களுக்குள் வேறு நாட்டில் தாக்கல் செய்தால், தொழிற்சொத்து பற்றிய பாரிஸ் உடன்படிக்கைப்படி அந்த முதல் தேதியைக் கோரலாம். அதற்கு முன் உலகில் எங்கே வெளிவந்திருந்தாலும் அது பிரையர் ஆர்ட், அதாவது ஏற்கெனவே தெரிந்த தொழில்நுட்பம். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும் என்பதால், உங்கள் தேதிக்கு முன் தாக்கலாகி, பின்னால் வெளியான ஆவணங்களும் இருக்கும். அவற்றைத் தனிக் கோப்பில் வையுங்கள். ஐரோப்பா போன்ற இடங்களில் அவை புதுமைக்கு மட்டும்தான் எதிராகும், கண்டுபிடிப்புப் படிக்கு (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததா என்ற சோதனைக்கு) ஆகாது.

தேடல் சொல்லில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'வேவ்கைடு' என்று தலைப்பில் தேடினால் முக்கியமானவையே தப்பிவிடும். ஹோலோகிராமில் பெயர்பெற்ற யூரிஸ் உபத்னியெக்ஸ் 1987-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 4,711,512-இன் தலைப்பு 'காம்பாக்ட் ஹெட்-அப் டிஸ்ப்ளே'. லூமஸுக்கு 2004-இல் கிடைத்த 6,829,095-இன் தலைப்பு 'சப்ஸ்ட்ரேட்-கைடட் ஆப்டிகல் பீம் எக்ஸ்பாண்டர்'. இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கும் இரண்டு ஆவணங்கள், இரண்டின் தலைப்பிலும் அந்தச் சொல் இல்லை. லைட்கைடு, சப்ஸ்ட்ரேட், காம்பைனர், எக்ஸிட் ப்யூப்பில் எக்ஸ்பாண்டர் என்று எல்லாவற்றையும் போட வேண்டும்.

அதைவிட நம்பகமானது, காப்புரிமை அலுவலகங்கள் துறைவாரியாக ஒவ்வொரு ஆவணத்துக்கும் தரும் வகைப்பாட்டுக் குறியீடு. தலையில் அணியும் காட்சிச் சாதனங்களின் ஒளியியலுக்கு ஜி02பி 27/0172, வெளியேறும் ஒளிக்கற்றையை அகலப்படுத்துவதற்கு ஜி02பி 27/0081, கீற்றணிக்கு ஜி02பி 5/18, ஹோலோகிராம் உறுப்புகளுக்கு ஜி02பி 5/32. ஜி02பி 6 என்று மட்டும் போட்டால் தொலைத்தொடர்பு இழைகளும் எல்சிடி திரையின் பின்விளக்குத் தட்டுகளும் வெள்ளமாக வந்து மூழ்கடித்துவிடும். குறியீட்டையும் சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற மூன்று தேடல் தளங்களுமே இலவசம். நல்ல ஆவணம் ஒன்று சிக்கிவிட்டால் அது எதை மேற்கோள் காட்டுகிறது, அதை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று இரு பக்கமும் போங்கள். மாநாட்டுக் கட்டுரைகளையும் விடாதீர்கள், ஒளியியல் அமைப்பான எஸ்பிஐஇ, காட்சித்திரை அமைப்பான எஸ்ஐடி இரண்டிலும் இந்தத் துறையினர் நிறைய எழுதுகிறார்கள்.

படி 4: புதுமை

இது கறாரான ஒப்பீடு. ஒரே ஆவணத்தில் (அ) முதல் (உ) வரை எல்லாமே, அதே சேர்க்கையில், இருக்கிறதா? இருந்தால் புதுமை இல்லை. ஒன்று குறைந்தாலும் புதுமை உண்டு. இரண்டு ஆவணங்களைச் சேர்ப்பது இங்கே கூடாது.

எண் வரம்புகளில் கவனம். கிளைம் '1.7 முதல் 2.0' என்கிறது, பழைய ஆவணத்தில் 1.8 கண்ணாடி இருக்கிறது என்றால் கதை முடிந்தது. பழைய ஆவணம் '1.4 முதல் 2.2' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் அப்படித் தானாக முடியாது, உள்ளே இருக்கும் குறுகிய வரம்பு தனியாக வெளிப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுதப்படாமலே அடங்கியிருக்கும் விஷயமும் உண்டு. 'இரு கீற்றணிகளின் இடைவெளியும் சமம்' என்று ஒரு துணைக் கிளைம் வருகிறது என்று வையுங்கள். பழைய ஆவணம் இடைவெளியைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் இரண்டே இரண்டு இணையான கீற்றணிகள், நிறம் பிரியாத வண்ணப் படம் என்று சொல்கிறது. முதல் கீற்றணி கொடுத்த திருப்பத்தை இரண்டாவது அப்படியே திரும்ப எடுத்தால்தான் எல்லா நிறமும் நுழைந்த கோணத்திலேயே வெளியேறும். அதற்கு இடைவெளி சமமாக இருந்தாக வேண்டும். வேறு வழியே இல்லை என்று காட்ட முடிந்தால், அது அங்கே அடங்கியிருக்கிறது என்று எழுதலாம். 'பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்' என்ற அளவு போதாது. நடுவில் மூன்றாவது கீற்றணி ஒன்று வந்துவிட்டால் இந்த வாதம் அப்படியே பொருந்தாது, மூன்றின் திருப்பங்களும் சேர்ந்து ஒன்றையொன்று ஈடுகட்டினால் போதும்.

படி 5: கண்டுபிடிப்புப் படி, இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

சரி, தேடியதில் இரண்டு ஆவணங்கள் கிடைத்தன என்று வைப்போம். முதலாவதில் (அ) முதல் (ஈ) வரை இருக்கிறது, பள்ள ஆழம் மட்டும் எங்கும் ஒரே அளவு. இரண்டாவதில் கீற்றணியே இல்லை, ஆடி அடுக்குதான். ஆனால் ஒளி செல்லும் திசையில் ஆடிகளின் எதிரொளிப்பு கூடிக்கொண்டே போகிறது, வெளிச்சம் சீராக இருக்க அப்படிச் செய்ததாகவும் எழுதியிருக்கிறது.

ஐரோப்பிய அலுவலகம் பழக்கப்படுத்திய வரிசை தொடக்கநிலையினருக்கு மிகவும் நல்லது. மிக நெருக்கமான ஆவணத்தை எடு, வேறுபாட்டைச் சொல், அந்த வேறுபாட்டின் தொழில்நுட்பப் பலனைச் சொல், பலனிலிருந்து பிரச்சினையை உருவாக்கு, அப்புறம் கேள். இங்கே வேறுபாடு (உ), பலன் சீரான வெளிச்சம், ஆகவே பிரச்சினை 'ஓரத்தில் படம் மங்குவதை எப்படித் தவிர்ப்பது'. பிரச்சினையை எழுதும்போது 'பள்ள ஆழத்தை எப்படி மாற்றுவது' என்று எழுதிவிடாதீர்கள், அது விடையைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைப்பது. துறை அறிந்த ஒருவரால் இதைச் செய்திருக்க முடியுமா என்பது கேள்வி அல்ல, செய்திருப்பாரா என்பதுதான் கேள்வி. இரண்டாவது ஆவணம் அதே பிரச்சினைக்கு வெளியேற்றும் பங்கைக் கூட்டிக்கொண்டே போ என்று வழி காட்டுகிறது, கீற்றணியில் அந்தப் பங்கைக் கட்டுப்படுத்துவது ஆழம் என்பது துறையினருக்குத் தெரிந்தது. எனவே கிளைம் நிற்காது என்பது என் கணிப்பு. அமெரிக்காவில் 2007-இல் உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் வழக்கில் சொன்னபடி பார்த்தாலும், தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த வழியில் சேர்த்து எதிர்பார்த்த பலனையே பெறும்போது, அது வெளிப்படையானதாக, அதாவது கண்டுபிடிப்புப் படி இல்லாததாக, இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இப்போது கிளைமில் ஒரே ஒரு வரி மாறட்டும்: பள்ளங்கள் சாய்வாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன, அந்தச் சாய்வால் வெளியுலகப் பக்கம் கசியும் ஒளி குறைகிறது. எதிரே நிற்பவருக்கு அணிந்தவரின் கண் முன்னால் படம் ஒளிர்வது போலத் தெரியுமே, அந்தக் கசிவு. பிரச்சினையே மாறிவிட்டது. நம்மிடம் இருக்கும் இரண்டாவது ஆவணம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆக, மறுபடி தேடப் போக வேண்டும், சாய்வுக் கீற்றணி பற்றிய ஆவணங்கள் தனியாகவே நிறைய உண்டு. அவை எதிலும் இந்தக் கசிவுக்கு வழி இல்லை என்றால் கிளைமை மதித்தே ஆக வேண்டும். விடை தெரிந்த பிறகு எல்லாமே எளிதாகத் தோன்றும், அந்தத் தோற்றத்தை வைத்து ஒருவரின் பல வருட உழைப்பை மறுப்பது நியாயமில்லை.

படி 6: தெளிவும் போதிய விவரமும்

'உயர் ஒளிவிலகல் கண்ணாடி', 'கணிசமான அளவு மெல்லிய தட்டு' போன்ற அளவில்லாச் சொற்களைக் குறித்து வையுங்கள். 'முழு வண்ணப் படம், அகன்ற பார்வைப் புலம், ஒரே தட்டு' என்று பலனை மட்டும் கோரும் கிளைம் வந்தால், விளக்கத்தில் கீற்று இடைவெளி, கண்ணாடி எண், அலைநீளம் மூன்றும் இருக்கிறதா என்று தேடி, படி 1-இன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிவப்பு உள்ளே போகவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது.

படி 7: எழுதுங்கள், பதிலுக்குத் தயாராக இருங்கள்

தேடல் அறிக்கையில் தனியாகவே கிளைமைத் தகர்க்கும் ஆவணத்துக்கு எக்ஸ், இன்னொன்றுடன் சேர்ந்து தகர்ப்பதற்கு ஒய், பின்னணிக்கு மட்டும் என்றால் ஏ என்று குறியிடுவார்கள். நம் மாதிரியில் இரண்டு ஆவணங்களுக்கும் ஒய். ஒவ்வொரு அம்சத்துக்கும் ஆவணத்தின் பத்தி எண்ணையும் படத்தின் எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவது அதைத்தான்.

பதிலோடு திருத்திய கிளைம் வரும். வந்ததும் புதிய சொற்கள் ஒவ்வொன்றும் முதலில் தாக்கல் செய்த ஆவணத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பிற்பாடு சேர்த்த விஷயத்துக்கு இடமில்லை. 'சாய்வான பள்ளம்' என்ற சொல் அன்றைய விளக்கத்தில் இல்லை, படத்தில் மட்டும் ஒரு கோடு சாய்ந்தாற்போல இருக்கிறது என்றால், அந்தக் கோடு வேண்டுமென்றே சாய்த்தது என்று அந்தப் படமே சந்தேகமில்லாமல் காட்டுகிறதா என்று உருப்பெருக்கிப் பாருங்கள். அது சரியாக இருந்தால் புதிய தாள் எடுத்து, செவ்வகம் போட்டு, கதிரை மறுபடி முதலிலிருந்து வரையுங்கள்.