வீட்டில் செய்யும் எல்இடி விளக்கு: சூட்டு விசயத்தில் விடும் பிழைகள்

எல்இடி சுடாது என்ற நம்பிக்கையில்தான் முதல் பிழை தொடங்குகிறது. முன்பக்கம் சுடாதது உண்மைதான். பழைய இழைக் குமிழ் சூட்டையும் வெளிச்சத்தோடு சேர்த்து முன்னால் வீசிவிடும். எல்இடியில் அந்தச் சூடு சிப்பின் முதுகு வழியாகத்தான் இறங்கவேண்டும். 10 வாட் சிப் ஒன்றில் ஏறக்குறைய 7 வாட் சூடாகவே போகிறது என்று வைத்துக் கணக்குப் பார்ப்பது பாதுகாப்பு.

இந்தக் கணக்கைக் கொழும்பில் 25 பாகையிலிருந்து தொடங்கக்கூடாது. பகலில் அறைக்குள்ளேயே 32 பாகை இருக்கும். 15 செ.மீ. சதுரமான, 3 மி.மீ. தடிப்புள்ள அலுமினியத் தகட்டில் சிப்பைப் பொருத்தி, அதை இரு பக்கமும் காற்றுப் படும்படி தொங்கவிட்டால், 7 வாட்டுக்கு அது சுமார் 25 பாகை ஏறி 57இல் நிற்கும். சிப்புக்கும் தகட்டுக்கும் இடையில் பூசும் தேர்மல் பேஸ்டையும் சிப்பின் உட்புறத்தையும் கடக்க இன்னும் 15, 20 பாகை போகும். சிப் 80க்குள் அடங்கிவிடும், நல்லது. அதே தகட்டை சீலிங்கோடு ஒட்டிவிட்டால் ஒரு பக்கம் அடைபட்டு, ஏற்றம் இரட்டிப்பாகும். அழகுக்காக மூடிய பெட்டிக்குள் வைத்தால் நிலைமை இன்னும் மோசம்.

தகட்டுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. அலுமினிய யன்னல் செய்யும் பட்டறைகளில் வெட்டுத்துண்டு கிடைக்கும். சமையலறையின் சில்வர் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தட்டை மட்டும் எடுக்காதீர்கள். பளபளக்கும், ஆனால் சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தின் பத்திலொரு பங்குகூடத் தேறாது.

தேர்மல் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுவது அடுத்த பிழை. உலோகமும் உலோகமும் தொடாத நுண்ணிய பள்ளங்களை நிரப்புவது மட்டுமே அதன் வேலை. தகட்டை 400ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்து, துளை போட்ட இடத்தில் எழுந்த பிசிரை எடுத்து, ஓர் அரிசியளவு பேஸ்ட் வைத்து, ஆணிகளை மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சிப் சரிந்து, அடியில் காற்று இருந்துவிடும். பேஸ்டுக்குப் பதில் சிலிக்கன் சீலன்ட், குளூ கன் பசை என்பதெல்லாம் வேண்டாம். பசை சூட்டில் இளகி, சிப்பே கழன்று தொங்கும்.

12 வோல்ட் அடப்டரை 10 வாட் சிப்புக்கு நேரே கொடுப்பவர்கள் நிறையப் பேர். சிப் சூடேறச் சூடேற அதற்குத் தேவையான வோல்டேஜ் இறங்கும். அடப்டரோ 12இலேயே நிற்கும். கரண்ட் கூடும், சூடு கூடும், இன்னும் கரண்ட் கூடும். கரண்டை ஒரே அளவில் பிடித்துவைக்கும் 900 மில்லி அம்பியர் கொன்ஸ்டன்ட் கரண்ட் ட்ரைவர் ஒன்று போட்டால் இந்தச் சுழற்சி நிற்கும். அதையும் சிப்போடு ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். ட்ரைவருக்குள் இருக்கும் கப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்துக்கும் ஏறத்தாழப் பாதியாகும். விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தால் பெரும்பாலும் செத்தது ட்ரைவர்தான், சிப் அல்ல.

230 வோல்ட்டை நேரே எடுக்கும் ட்ரைவரில்லாத பலகைகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் தகட்டை எர்த் பண்ணாமல் விடுவது உயிரோடு விளையாடுவது.

நாடா போன்ற எல்இடி ஸ்ட்ரிப்பை உருளையில் சுற்றியபடியே எரியவிட்டுச் சோதிப்பதும் வழக்கமான பிழை. மீற்றருக்கு 14.4 வாட் என்றால் 5 மீற்றரில் 72 வாட், அத்தனையும் கையகல இடத்தில். மரத்தில் ஒட்டுவதைவிட அலுமினியச் சட்டத்துக்குள் ஒட்டுவது நல்லது.

மின்விசிறி வைத்தால் எல்லாம் சரி என்று எண்ணவேண்டாம். வெள்ளவத்தை போலக் கடற்காற்றடிக்கும் இடங்களில் உப்பு முதலில் தின்பது அதைத்தான். விசிறி நின்றாலும் தாங்கும் தகடாகப் பாருங்கள்.

சோதிக்கும்போது ஐந்து நிமிடம் போதாது, ஒரு மணித்தியாலம் எரியவிடுங்கள். சூட்டைத் தொடாமலே அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி பளபளப்பான அலுமினியத்தில் குறைத்துக் காட்டும். சிப்புக்குப் பக்கத்தில் கறுப்பு இன்சுலேசன் டேப் துண்டொன்றை ஒட்டி, அதன்மேல் அளவெடுங்கள். 65 பாகையைத் தாண்டினால் தகட்டைப் பெருப்பிக்கவேண்டும். இடமில்லையென்றால் 600 மில்லி அம்பியர் ட்ரைவருக்கு மாறுங்கள். கரண்ட் மூன்றிலொன்று குறைந்தாலும், வெளிச்சம் அவ்வளவு குறையாது.