திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல்: பெற்றோர் குறிக்க வேண்டியதும் கொடுக்க வேண்டியதும்

ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில், மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல் அடித்த நாட்களைத் தாய் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். அமாவாசைக்கு அமாவாசை காய்ச்சல் வருகிறது என்பது வீட்டாரின் எண்ணம். கடலுக்குப் போகும் குடும்பத்தில் நாள் கணக்குப் பிறையோடுதான் ஓடும் என்பதால் அது இயல்பான எண்ணமே. ஆனால் ஆறு மாத வட்டங்களைச் சேர்த்து எண்ணியபோது இடைவெளி 26 நாட்கள் என்று தெரிந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் காய்ச்சல் அமாவாசைக்கு மூன்று நான்கு நாள் முந்திக்கொண்டே வந்திருந்தது. மருத்துவருக்கு வழி காட்டியது அந்தக் காலண்டர்தான்.

ஆகவே முதல் வேலை குறித்து வைப்பது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தது போதாது. வெப்பமானி காட்டிய அளவு, தொடங்கிய நாள், விட்ட நாள், வாய்ப்புண், கழுத்தில் நெறி கட்டியது, வயிற்றுவலி, மூட்டு வீக்கம் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். தடிப்பு வந்தால் மறைவதற்குள் படம் எடுத்து வையுங்கள். கொடுத்த மருந்தையும் எழுதுங்கள். தானாக நான்காம் நாள் விடும் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து, அதனால்தான் விட்டது என்று நம்புவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலுக்குச் சில குழந்தைகளில் மரபணுப் பழுது காரணமாகலாம். ஆனால் மரபணுவைத் தேடும் முன் தொற்றுகளை விலக்க வேண்டும். ராமேசுவரம் தீவு மலேரியாவுக்குப் பழகிய இடம் என்பதால், காய்ச்சல் இருக்கும்போதே இரத்தம் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, டைபாய்டு, காசநோய் ஆகியவையும் இல்லையென்று தெரிய வேண்டும். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனையைக் காய்ச்சலின்போது ஒருமுறையும், குழந்தை நன்றாக ஓடியாடும் நாளில் ஒருமுறையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வலிப்பு, மூச்சுத்திணறல், கழுத்து விறைப்பு இருந்தாலோ, குழந்தை மூன்று மாதம் நிரம்பாததாக இருந்தாலோ, குறிப்பெடுப்பதை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடுத்தது, மூன்று தலைமுறைக்கான குடும்ப வரைபடம். யாருக்குச் சிறுவயதில் இப்படிக் காய்ச்சல் வந்தது, யாருக்குச் சிறுநீரகம் கெட்டது, யாருக்கு இளவயதிலேயே காது கேளாமல் போனது, யார் சொந்தத்தில் மணந்தார்கள் என்பதையெல்லாம் அதில் குறியுங்கள். குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சல் எனப்படும் நோயில் எம்.ஈ.எஃப்.வி. என்ற மரபணு பழுதுபடுகிறது. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்து சேரும்போதுதான் நோய் வெளிப்படும், ஆளுக்கு ஒரு பழுதுப் பிரதியைச் சுமக்கும் பெற்றோருக்கு ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே பழியைத் தாய் மேல் மட்டும் போடுவது அறிவியலுக்கே பொருந்தாது. இதுபோன்ற வேறு காய்ச்சல் நோய்களுக்குக் காரணமான என்.எல்.ஆர்.பி.3 போன்ற மரபணுக்களில் ஒரே ஒரு பிரதி பழுதுபட்டாலே போதும். ஐந்து வயதுக்குள் தொடங்கி, வாய்ப்புண்ணும் தொண்டை வலியும் நெறியுமாகக் கணக்குத் தவறாமல் வரும் பி.எஃப்.ஏ.பி.ஏ. காய்ச்சலுக்கோ தனியொரு மரபணுவைச் சுட்டிக்காட்ட இயலவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வளர வளர நின்றுவிடுகிறது.

மருந்து நோய்க்கு நோய் வேறுபடும். பி.எஃப்.ஏ.பி.ஏ.யில் காய்ச்சல் தொடங்கியதும் மருத்துவர் சொன்ன அளவில் ஒரு வேளை பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் சில மணி நேரத்தில் காய்ச்சல் அடங்கும். ஆனால் அது தடுப்பு மருந்தன்று, சிலருக்கு அடுத்த காய்ச்சலைச் சற்று முன்னதாகவே வரவழைக்கும். மத்தியதரைக்கடல் காய்ச்சலுக்கு 1972 முதல் அறியப்பட்ட தடுப்பு மருந்து கோல்ச்சிசின். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே பொருள்தான். கண்வலிக்கிழங்கு எனப்படும் அந்தக் கிழங்கைத் தின்றவர்கள் இறப்பதும் இதனால்தான். எனவே நாட்டு மருந்தென்று கிழங்கை உரைத்துக் கொடுக்க ஒருபோதும் துணியாதீர்கள்.

கோல்ச்சிசின் மாத்திரை அளவு ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராமுக்கு மிகாமல் தொடங்கும். அதை மருத்துவரே முடிவு செய்வார். காய்ச்சலில்லாத நாளிலும் விடாமல் கொடுக்க வேண்டும், ஏனெனில் காய்ச்சலைத் தடுப்பதோடு, அமிலாய்டு என்னும் புரதம் படிந்து சிறுநீரகம் கெடுவதையும் இம்மருந்து தடுக்கிறது. வயிற்றுப்போக்கு மிகுந்தால் உடனே தெரிவியுங்கள். சளிக்கென்று வேறு மருத்துவரிடம் போனால் கோல்ச்சிசின் கொடுப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் உடலில் இதன் அளவு ஆபத்தாக உயரும். மாத்திரைப் பெட்டி தம்பி தங்கைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதமும், இரத்த அணுக்களும், கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடும் பார்க்கப்படும். அந்த நாளையும் அதே காலண்டரில் நீல மையால் குறித்து வையுங்கள்.