திருகோணமலைக்குக் கிரகணம் பார்க்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

2019 டிசம்பர் 26 அன்று காலை ஒன்பதரை தாண்டியபோது, திருகோணமலையில் சூரியன் சுமார் மூன்று நிமிடம் மோதிரம் போல் நின்றது. கடற்கரையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் அந்த நேரம் பார்த்துக் கிரகணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். "முழுசா மறைஞ்சா கழட்டலாமெண்டு வாசிச்சனே" என்றார்.

அவர் வாசித்தது பிழையில்லை. ஆனால் அது முழுச் சூரிய கிரகணத்துக்கு உரிய விதி. அன்று நடந்தது வளைய கிரகணம். சந்திரன் பூமியிலிருந்து சற்றுத் தள்ளி இருந்ததால் சிறிதாகத் தெரிந்தது, சூரியனை முழுதாக மூட அதனால் முடியவில்லை. வளையமாக எஞ்சும் அந்த விளிம்பே கண்ணைக் கெடுக்கப் போதும். விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்தது பல மணி நேரம் கழித்துத்தான் புரியும். ஆகவே வளைய கிரகணத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கணமும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. பயணம் ஒழுங்கு செய்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: வரப்போவது முழுக் கிரகணமா, வளையமா?

கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தர எண் இருக்க வேண்டும். கீறல் விழுந்திருந்தால் வீசிவிடுங்கள். எக்ஸ்ரே படலம், குறுந்தட்டு, கறுப்புக் கண்ணாடி எதுவும் உதவாது. மஞ்சள் தண்ணீரில் பார்ப்பதும் பாதுகாப்பில்லை. இவற்றைவிட ஆபத்தானது, கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலருக்குள் பார்ப்பது. வில்லை குவிக்கும் வெயில் அந்தத் தாளைப் பொசுக்கிவிட்டுக் கண்ணுக்குள் இறங்கும். வடிகட்டியைக் கருவியின் முன்பக்கத்தில், சூரியனை நோக்கிய முனையில் பொருத்த வேண்டும்.

விலங்குகள் விஷயத்திலும் முழுக் கிரகணமா, வளையமா என்ற அதே கேள்விதான் வருகிறது. 2017 முழுக் கிரகணத்தின்போது அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் 17 இனங்களைக் கவனித்தார்கள். பெரும்பாலானவை வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டன. ஒட்டகச்சிவிங்கிகள் ஓடக்கூடச் செய்தன. இதைச் சொல்லி, "பறவைகள் கூட்டுக்குத் திரும்புவதைப் பார்க்கலாம்" என்று வளைய கிரகணத்துக்கு ஆள் சேர்ப்பது சரியில்லை. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் மறைந்தாலும் இருட்டாது. வெயில் வெளிறிப்போகும், நிழல்கள் கூர்மையாகும், சூடு சற்றுத் தணியும், அவ்வளவுதான்.

விலங்குகளின் நடத்தையை உண்மையாகவே பார்க்க விரும்பினால் ஒரு நாள் முன்னதாக வாருங்கள். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்கள் மறுநாள் கிரகணம் வரும் அதே நேரத்தில் மேய்கின்றனவா, படுத்திருக்கின்றனவா என்று குறித்துவையுங்கள். முதல் நாள் நடத்தை தெரியாமல், கிரகணத்தால் மாறியது என்று எப்படிச் சொல்வது? அப்புறம், மான்களுக்கு பிஸ்கட் நீட்டாதீர்கள், பொலித்தீன் பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதைத் தின்று அவை படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

முதல் நாள் இரவையும் தூங்கிக் கழித்துவிடாதீர்கள். அமாவாசையில்தான் சூரிய கிரகணம் வரும். அதனால் முந்தைய இரவில் நிலவின் தொல்லை இல்லை. நிலாவெளிக் கடற்கரையில் விடுதி விளக்குகளுக்கு அப்பால் நடந்துபோய், டோர்ச்சில் சிவப்புத் தாள் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் இருட்டில் இருந்தால் வானம் தானாகத் திறக்கும்.

படகில் இருந்தபடி கிரகணம் பார்க்கும் திட்டத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்ணாடி போட்டால் சூரியனைத் தவிர எதுவும் தெரியாது. ஆடும் வள்ளத்தில் அப்படி எழுந்து நிற்பது விழுவதற்கு வழி. புறாமலைத் தீவின் பவளப்பாறையையும் திமிங்கிலத்தையும் வேறொரு நாளுக்கு வையுங்கள். அதுவும் மாரியில் வேண்டாம், வடகீழ்ப் பருவக்காற்றில் இந்தக் கடல் பொல்லாதது.

2031 மே 21 அன்று வளைய கிரகணத் தடம் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடக்கும். 2019இல் திருமலையில் வளையம் தெரிந்ததால் இந்த முறையும் இங்கேயே தெரியும் என்று விடுதி பதியாதீர்கள். தடத்தின் நடுக்கோடு வடக்கே இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்து யாழ்ப்பாணப் பக்கம் ஒரு நாள் ஒதுக்குங்கள். அதோடு, இது காலைக் கிரகணமும் அல்ல. நண்பகல் தாண்டிய மே வெயிலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். பாய், குடை, தண்ணீர் இல்லாமல் பிள்ளைகளையும் முதியவர்களையும் மணலில் நிறுத்திவிடாதீர்கள்.

கோணேசர் கோயிலுக்கும் போக நினைத்தால் நடை எப்போது சாத்துவார்கள் என்று முன்பே கேளுங்கள். குழுவில் கிரகண நேரம் சாப்பிடாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டை முன்னதாகவே கொடுத்துவிடலாம்.

வெளியே வரத் தயங்கும் அம்மம்மாக்களுக்கும் காட்ட ஒரு வழி உண்டு. கண்ணகப்பையை வெயிலில் பிடித்து, நிழல் விழும் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஓட்டையின் கீழும் ஒரு பிறைச் சூரியன் இருக்கும். வளையம் வரும் நேரம் முற்றமெல்லாம் சின்னச் சின்ன மோதிரங்கள்.