ஆங்கில மரபுத்தொடர்: பொருளோடு இடமும் தெரியட்டும்

ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. எதை, யாரிடம், எந்த இடத்தில் சொல்லலாம் என்று தெரிந்தால்தான் கைகொடுக்கும்.

'அண்டர் தி வெதர்' என்றால் லேசாக உடம்பு சரியில்லை. சளி, தலைவலிக்கு லீவு கேட்கும்போது 'ஐ'ம் ஃபீலிங் எ பிட் அண்டர் தி வெதர்' என்று எழுதலாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பவரைப் பற்றி அப்படிச் சொன்னால் பொருந்தாது. 'கிக் தி பக்கெட்' இன்னும் ஆபத்து. இறந்துபோவதைத்தான் குறிக்கும், ஆனால் 'மண்டையைப் போட்டான்' என்கிற மாதிரியான பேச்சு. இரங்கல் செய்தியில் மறந்தும் எழுதிவிடாதீர்கள்.

வேலை இடத்தில் அடிக்கடி காதில் விழுவது 'பால்பார்க் ஃபிகர்'. பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது; தோராயமான தொகை என்று பொருள். 'கேன் யூ கிவ் மீ எ பால்பார்க் ஃபிகர்?' என்று கேட்டால் உத்தேசமாக ஒரு கணக்குச் சொன்னால் போதும், பைசா சுத்தமாக வேண்டாம். 'கால் இட் எ டே' என்றால் இன்றைக்கு இத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

மழை கொட்டுகிறது என்பதற்கான 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' பாடப்புத்தகத்தில் படித்ததுதான். இப்போது பேச்சில் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும். 'இட்ஸ் போரிங்' (It's pouring) போதும்.

அப்புறம், கூட்டத்தில் யாராவது 'லெட்'ஸ் டேபிள் திஸ்' என்றால் அவர் எந்த நாட்டுக்காரர் என்று பாருங்கள். பிரிட்டனில் அது 'விவாதத்துக்கு எடுப்போம்', அமெரிக்காவிலோ 'தள்ளிவைப்போம்'. சந்தேகமாக இருந்தால் இப்போதா, பிறகா என்று நேராகவே கேட்டுவிடலாம்.