படர்தாமரை திரும்பத் திரும்ப வருதா, மொதல்ல துணியப் பாருங்க

ரெண்டு வருஷம் இடுப்புல படர்தாமரையோட குடும்பம் நடத்துனவன் சொல்றேன். ட்யூப் மாத்தி ட்யூப் போட்டேன், போகும், மழை வந்தா திரும்ப வரும். நான் தோல்ல மட்டும் தடவிட்டு இருந்தேன், அது பெட்ஷீட்ல, ஜீன்ஸ் இடுப்புப் பட்டைல, அரைஞாண் கயித்துல ஜம்முனு உட்காந்திருக்கு.

இது ரத்தம் கெட்டுப்போய் வர்றதுன்னு சொல்லுவாங்க, அதெல்லாம் இல்ல, பூஞ்சை. அதோட ஸ்போர் (ஸ்கூல்ல வித்துன்னு படிச்சிருப்போம்) நாம சொறியறப்ப உதிர்ற செதிலோட சேந்து விழுந்து மாசக்கணக்குல உயிரோட கெடக்கும். அது ஒட்டுன குளியல் துண்ட இன்னொருத்தர் எடுத்து தொடச்சா அவங்க தோல்ல ஒட்டும், வேர்வை ஈரம் கெடச்சா முளைச்சிரும், அப்புறம் தோல்ல இருக்கற கெரட்டின்ங்கற புரதத்த தின்னுட்டே வட்டமா வெளிய நகரும். நடுவுல ஆறுன மாதிரியும் ஓரம் செவந்து தடிச்சும் இருக்கறது அதனாலதான், அது இப்ப மேயற எடம் ஓரம்.

அதனால க்ரீம் போடறப்ப ஓரத்தத் தாண்டி 2 செ.மீ. வெளியவும் தடவணும். செவப்பு போனதும் நிறுத்திராதீங்க, அதுக்கப்புறமும் 2 வாரம் போடுங்க. நான் கோட்டை விட்டது இங்கதான்.

ட்யூப்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க, ப்ளீஸ். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு இருந்தா அது ஸ்டீராய்டு. மெடிக்கல்ல கேட்டா இந்த கலவை ட்யூபதான் எடுத்து நீட்டுவாங்க, ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுரும், ஆஹா சூப்பர்னு இருக்கும். பூஞ்சை சாகல, அதோட சண்டை போட்ட நம்ம உடம்ப தூங்க வெச்சுட்டோம், அவ்ளோதான். அது பாட்டுக்கு பரவும், வட்டமே இல்லாம உருவம் மாறிரும், தொடை இடுக்குல தோல் மெலிஞ்சு கோடு கோடா விழும், அந்த கோடு போகாது. இதுல இப்ப இந்தியாவுல பரவிட்டு இருக்கற ட்ரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியேன்னு ஒரு வகை (2020லதான் பேரே வெச்சாங்க) பூஞ்சைக்கு குடுக்கற டெர்பினஃபின் மாத்திரைக்கே பல பேருக்கு மசிய மாட்டேங்குது. அதனால மாத்திரைய ஸ்கின் டாக்டர் முடிவு பண்ணட்டும்.

துணிக்கு வருவோம். நோய் இருக்கறவங்க துணிய தனியா, 60 டிகிரி சுடுதண்ணில தொவைங்க, உள்பக்கத்த வெளிய திருப்பி நல்ல வெயில்ல காயப்போடுங்க, தையல் மேல அயர்ன் பாக்ஸ அழுத்தித் தேய்ங்க. அரை ஈரத்துல ஜட்டி போடவே கூடாது. அரைஞாண் கயித்த கழட்டிருங்க, எங்க வீட்ல இதுக்கு அம்மாவோட பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு, சரியானதும் புதுசா கட்டிக்கறேன்னு சத்தியம் பண்ணப்புறம்தான் கத்திரி கெடச்சுது. வீட்ல யார் யாருக்கு இருக்கோ அவங்க எல்லாரும் ஒரே நேரத்துல வைத்தியம் பண்ணணும், இல்லன்னா ரிலே ரேஸ்தான்.

பூனைக்குட்டி இருக்கா? மைக்ரோஸ்போரம் கேனிஸ்னு ஒரு பூஞ்சை, குட்டிக்கு முடி வட்டமா கொட்டும், சிலதுக்கு எதுவுமே தெரியாது, கொஞ்சற புள்ளைங்களுக்கு தலைல வந்துரும். தலைல வந்தா க்ரீம் மட்டும் பத்தாது, உள்ளுக்கு மருந்து வேணும். கன்னுக்குட்டிக்கு கண்ண சுத்தி சாம்பல் கலர்ல பத்தை பத்தையா இருந்தாலும் இதே கூட்டம்தான், தடவிக் குடுத்தா கைய சோப்பு போட்டு கழுவுங்க.

ஊர்ல நெல்லு போடறவங்களுக்கு இது ஈஸியா புரியும், குலை நோயும் ஸ்போர் வேலைதான். பனி ஈரத்துல இலைல ஒட்டி, குமிழ் மாதிரி ஊதி, கார் டயர்ல இருக்கறத விட கிட்டத்தட்ட 40 மடங்கு அழுத்தத்துல இலைய குத்திட்டு உள்ள போகும். யூரியாவ அள்ளிக் கொட்டுன வயல்ல இன்னும் குஷியாயிரும். நம்ம தோல்ல அப்படி குத்தாது, என்சைம் வெச்சு கரைச்சுதான் போகும், ஆனா ரெண்டுக்குமே ஈரம்தான் கதவு.

க்ரீம் ஒழுங்கா போட்டும் 4 வாரத்துல கொறையலன்னா, இல்ல நகம், மொகம், தலைன்னா, இல்ல சுகர் இருந்தா ஸ்கின் டாக்டர்கிட்ட போயிருங்க. அங்க ஓரத்துல லேசா சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பாப்பாங்க, வலிக்காது. போறதுக்கு முன்னாடி க்ரீம் தடவிட்டு போகாதீங்க, பூஞ்சை கண்ணுல மாட்டாம போயிரும். அப்புறம் இதுவரைக்கும் போட்ட எல்லா ட்யூபையும், காலியானத கூட, ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க.